காஸுக்குக் காசு: கொழும்பில் இருந்தபடியே ஒலியனியல் படிக்க ஒரு முழு வழிகாட்டி

"காஸுக்குக் காசு எடுத்து வைக்கேல்லையோ?" வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி இது. 'காஸ்' என்றால் அடுப்புக்கு வாங்கும் சமையல் வாயு. தொண்டையில் இரண்டு விரலை வைத்து இதை ஆறுதலாகச் சொல்லிப் பாருங்கள். 'காஸுக்கு' என்று தொடங்கும்போது விரலுக்கடியில் அதிர்வு முதலிலேயே வந்துவிடும். 'காசு' என்று தொடங்கும்போது நாக்கு விலகிய பிறகுதான் அதிர்வு வரும். 'காஸுக்கு', 'காசுக்கு' இரண்டையும் தனியே எடுத்தால் முதல் மெய்யைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. ஆனாலும் அடுப்படியில் நின்று கேட்கும் ஒருவருக்கும் குழப்பம் வருவதில்லை. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'கா'.

எழுத்து காட்டாததைக் காது பிரித்தறிகிறது. அந்த அறிவு எங்கே இருக்கிறது, அதற்கு என்ன ஒழுங்கு என்று தேடுவதுதான் ஒலியனியல். வாயும் தொண்டையும் ஒலியை எப்படி உண்டாக்குகின்றன, காற்றில் அது எப்படிப் போகிறது என்று பார்ப்பது ஒலியியல். அந்த ஒலிகளில் எவை ஒரு மொழியில் பொருளை மாற்றுகின்றன, எவை எந்த இடத்தில் வரலாம், எது எதாக மாறும் என்று பார்ப்பது ஒலியனியல். இரண்டும் கைகோத்துத்தான் போகும். இதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு கொப்பி, பொறுமையான காது போதும். கொழும்பு இதற்கு அருமையான இடம். ஒரே மாடிக் கட்டடத்தில் யாழ்ப்பாணத் தமிழும் மலையகத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் முஸ்லிம் வீட்டுத் தமிழும் சிங்களமும் கேட்கிற ஊர் இது.

முதலில் எழுத்தை ஓரமாக வையுங்கள்

படித்தவர்களுக்கு இதுதான் கடினமான படி. ஒரு சொல்லைக் கேட்டவுடன் மனம் அதன் எழுத்தைப் பார்க்கிறது. 'பாத்திமா' என்று எழுதுகிறோம், உதட்டைப் பல்லில் உரசிச் சொல்கிறோம். 'பஸ்' என்று எழுதுகிறோம், தொண்டை அதிரச் சொல்கிறோம். 'பாண்' என்று எழுதுகிறோம், அதிராமல் சொல்கிறோம். ஒரு 'ப' மூன்று வேலை செய்கிறது.

இதற்காக நம் இலக்கணக்காரருக்கு ஒலி தெரியாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பியம் முதல் எழுத்து 30 என்று சொல்லிவிட்டு, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றைச் சார்ந்து வருவன என்று தனியே வைக்கிறது. 'காசு', 'பசு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'பசு'வின் கடைசியில் உதடு குவிகிறது. 'காசு'வின் கடைசியில் குவிவதில்லை, உகரம் நறுக்கென்று நின்றுவிடுகிறது. எழுத்தில் இரண்டும் 'சு'தான். எந்தச் சூழலில் உகரம் குறுகும் என்று இடத்தைச் சொல்லி விதி எழுதியிருக்கிறார்கள். ஒலிக்குச் சூழலைச் சொல்வது இன்றைக்கும் ஒலியனியலின் அடிப்படை வேலை. பிறப்பியலில் காற்று உந்தியில் எழுந்து, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் பட்டு எழுத்தாவதை வரிசைப்படுத்தியவர்களின் மொழி நமது. அந்த நம்பிக்கையோடு தொடங்கலாம்.

உடம்பைக் கருவியாக்குங்கள்

மூன்று சோதனைகள் போதும். தொண்டையில் விரல் வைத்தால் குரல் அதிர்வு தெரியும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் மூச்சு வெடித்து வருகிறதா என்று தெரியும். தமிழ் 'பல்' சொன்னால் தாள் ஏறக்குறைய அசையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பேனையைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லைச் சொன்னால் தாள் துள்ளும். மூன்றாவது, நாக்கு எங்கே படுகிறது என்று பார்ப்பது. இதற்கு ஒலியியலாளர் கரித்தூளையும் எண்ணெயையும் குழைத்து நாக்கில் பூசி, ஒரு சொல்லைச் சொல்ல வைத்து, கண்ணாடி பிடித்து மேலண்ணத்தைப் படம் எடுப்பார்கள். நான் வீட்டில் கொக்கோத் தூளைத்தான் பாவித்தேன்.

எடுத்துக்கொண்ட சொற்கள் பத்து, பற்று, பட்டு. நுனி நாக்கில் கொக்கோவைத் தடவி 'பத்து' என்று ஒரே ஒரு தரம் சொல்லி, வாயைத் திறந்து கைக்கண்ணாடியில் பார்த்தேன். மேல்வாய்ப் பற்களின் பின்பக்கம் மண்ணிறமாகியிருந்தது. கொப்பளித்துத் துடைத்துவிட்டு 'பற்று'. இந்த முறை பற்கள் வெள்ளை, அவற்றுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கும் இடத்தில், அதாவது ஈற்று மேட்டில், பிறை மாதிரி ஒரு கோடு. மூன்றாவது 'பட்டு'. கண்ணாடியில் ஒன்றையுமே காணவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. பிறகுதான் விளங்கியது. 'ட்ட'வுக்கு நாக்கு மடிந்து அதன் அடிப்பக்கம் மேலே படுகிறது, நான் பூசியதோ மேல்பக்கம். நுனியின் அடியில் பூசிச் சொன்னேன். மேட்டையும் தாண்டி, அண்ணம் வளைகிற இடத்தில் ஒரு பொட்டு விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஹற்றன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். "என்னம்மா, வாயெல்லாம் கொக்கோ?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் பூசிக்கொண்டார். வீசுகிற காற்றை அவர் எப்போதும் போலச் சொல்லட்டும் என்று "இப்ப வெளிய என்ன அடிக்குது?" என்று கேட்டேன். "காத்து" என்றார். கொக்கோ முழுக்கப் பல்லில். அவர் பேச்சில் 'பத்து'வும் 'காத்து'வும் ஒரே இடம். என் பேச்சில் 'காற்று' ஈற்று மேட்டிலும் 'பத்து' பல்லிலும் பிறக்கின்றன. காற்றை அடைத்துத் திறக்கும் ஒலிகளை அடைப்பொலிகள் என்பார்கள். நுனி நாக்கால் பிறக்கும் இரட்டை அடைப்பொலிகள் சொல் நடுவில் என் வீட்டுத் தமிழில் மூன்று, அவர் வீட்டுத் தமிழில் இரண்டு. இரண்டு ஒழுங்குகள், இரண்டும் முழுமையானவை. பிள்ளைகள் 'காத்து' என்றால் சிரிப்பதும் 'காற்று' என்று மேட்டில் அழுத்தினால் சிரிப்பதும் ஒரே அறியாமை. அந்தக் கொக்கோக் கறையைப் பார்த்த பிறகு நான் யாருடைய உச்சரிப்பையும் பிழை என்று சொன்னதில்லை.

பதிவு செய்வது

கொழும்பில் அமைதியான இடம் கிடைப்பது கஷ்டம். கரையோர ரயில், காலி வீதி ஹோன், மேல்மாடியில் தண்ணீர்ப் பம்பு. அலுமாரியைத் திறந்து உடுப்புகளுக்கு முன்னால் ஆளை இருத்தினால் எதிரொலி பெருமளவு குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை, பத்து நிமிடம்தான்.

வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதிவு செய்யாதீர்கள். அது ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது, ஸகரம் போன்ற உரசொலிகளின் உயர்ந்த அதிர்வெண்கள் வெட்டுப்பட்டுப் போகும். சுருக்காத வேவ் கோப்பாக, 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட் அளவில் பதியும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் முன்னால் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். மூச்சு நேரே மைக்கில் அடிக்காது.

சொற்களைப் பட்டியலாக வாசிக்க வைத்தால் எல்லாச் சொல்லும் பட்டியல் இராகத்தில் வரும். ஒரு சட்டக வாக்கியம் வேண்டும். நான் பாவிப்பது "அவள் ... எண்டு சொன்னாள்". ஒவ்வொரு சொல்லும் 3 அல்லது 5 தடவை, கலைத்துப் போட்ட ஒழுங்கில். பேசுபவர் எங்கே பிறந்தார், எங்கே வளர்ந்தார், வீட்டில் எந்த மொழிகள், வயது என்ன என்பதைக் கொப்பியில் குறியுங்கள். பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். எதற்காகப் பதிகிறோம் என்று முதலிலேயே சொல்லி ஒப்புதல் கேளுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

முக்கியமான பொறி ஒன்று: வாசிக்கக் கொடுத்தால் பாடசாலைத் தமிழ்தான் வரும். வீட்டில் 'பளம்' என்பவர் அட்டையில் 'பழம்' பார்த்தவுடன் நாக்கை மடித்து ழகரம் சொல்லிவிடுவார். ஆகவே படம் காட்டுங்கள். வாழைச் சீப்பு, கிளி, துணியைக் கிழிக்கும் கை. "இது என்ன?", "என்ன செய்யினம்?" என்று கேளுங்கள்.

ஒன்று மாற, பொருள் மாறுகிறதா?

ஒரு மொழியில் பொருளை மாற்றும் ஒலி அலகுதான் ஒலியன். அதைக் கண்டுபிடிக்கும் பழைய, இன்றைக்கும் பிழை போகாத வழி குறைந்தபட்ச இணை. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, ஓர் ஒலி மட்டும் மாறி, பொருளும் மாறினால் அந்த இரண்டு ஒலிகளும் வெவ்வேறு ஒலியன்கள். பல்லி, பள்ளி. மனம், மணம். பத்து, பற்று, பட்டு. இந்த எண்ணத்தை முறையாக வளர்த்தவர்கள் 1926 இல் உருவான பிராக் மொழியியல் வட்டத்தினர். அவர்களில் ஒருவரான துருபெட்ஸ்கோய் 1938 இல் மறைந்தார், அவருடைய பெருநூல் மறு ஆண்டு வெளிவந்தது.

'காஸுக்கு', 'காசுக்கு' இணையை இந்தச் சல்லடையில் போடுங்கள். சொல்லின் முதலில் அதிரும் ககரமும் அதிராத ககரமும் பொருளை மாற்றுகின்றன. ஆகவே 'காஸ்' என்று ஆகாரத்தோடு சொல்லும் கொழும்புத் தமிழருக்குச் சொல்முதலில் இவை இரண்டு ஒலியன்கள். மரபிலக்கணத்தின் பட்டியலில் இல்லாத ஒரு வேற்றுமை கடன்சொல் வழியே வந்து குடியேறிவிட்டது.

தாமாகச் சொல்லும்போது வேறுபடுத்துகிறோம் என்று பலர் நம்புவார்கள். நம்பிக்கையைச் சோதியுங்கள். ஒருவரின் 'வாழை'யும் 'வாளை'யும் கலந்த 20 பதிவுகளை அதே வீட்டில் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டி, எது பழ மரம், எது மீன் என்று குறிக்கச் சொல்லுங்கள். 20க்குப் பத்துப் பக்கம் வந்தால் அது காசு சுண்டியது மாதிரித்தான். அந்த வீட்டுப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன என்று எழுதலாம். 19, 20 வந்தால் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. இடையில் வந்தால் இன்னும் ஆட்களைக் கேளுங்கள்.

ஒரே ஒலியனின் பல முகங்கள்

இப்போது எதிர்ப்பக்கம். சகரத்தை எடுங்கள். கொப்பியில் நான்கு நிரல் கீறி, சொல்முதல், இரட்டித்த இடம், மூக்கொலிக்குப் பின், உயிர்களுக்கு நடுவில் என்று எழுதி நிரப்புங்கள். சாப்பாடு, சனம் முதலில் பெரும்பாலும் உரசுகின்றன. பச்சை, மச்சான் அடைத்துத் திறக்கின்றன. பஞ்சு, மஞ்சள் அடைத்து அதிர்கின்றன. காசு, வாசல் மறுபடி உரசுகின்றன. நான்கு இடத்தில் மூன்று ஒலி, ஆனால் தமிழ்ச் சொற்களில் ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. ஆளாளுக்கு இடத்தைப் பங்கு போட்டிருக்கின்றன. இதைத் துணைநிலை வழக்கு என்பார்கள். இந்த ஒலிகள் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். தமிழ் எழுத்து ஒரே 'ச'வோடு நிற்பதற்கு நியாயம் இதுதான். இடத்தைப் பார்த்தால் ஒலி தானாகத் தெரியும் என்றால் தனியெழுத்து தேவையில்லை.

ககரத்துக்கும் இதையே செய்யுங்கள்: கல், பக்கம், தங்கம், மகன். 'மகன்' தான் சுவையான இடம். சிலர் வாயில் அது அதிரும் அடைப்பு, சிலர் வாயில் ஹகரத்துக்குப் பக்கத்து உரசல், சில வேளை ஒரே ஆளிடம் இரண்டும். பொருள் மாறாமல் ஒலி மாறுவது உறழ்ச்சி. யார், எப்போது, யாரோடு கதைக்கும்போது எதைச் சொல்கிறார் என்று எண்ணத் தொடங்கினால் அது தனி ஆய்வாகவே விரியும்.

ஊர்ப் பெயர்களையும் கடன்சொற்களையும் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி. பிறமொழிச் சொல் உள்ளே வரும்போது மொழி தன் விதிகளை வெளியே காட்டிவிடுகிறது. 100 ஆம் இலக்கப் பஸ்ஸில் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை வரை வந்தால் அந்தப் பயணமே ஒரு பாடம்.

சிங்களத்தில் 'வத்த' என்றால் தோட்டம். வெள்ளவத்தை என்ற பெயரில் அது 'வத்தை' ஆகியிருக்கிறது. மரதான மருதானை, மொரட்டுவ மொரட்டுவை, நுகேகொட நுகேகொடை. கடைசி அகரம் ஏன் ஐகாரம் ஆகிறது? நம் பேச்சில் 'தலை' என்பது 'தல' என்றுதான் ஒலிக்கிறது. அகரத்தில் முடிந்த பெயரைக் கேட்ட காது, எழுத்தில் இது ஐகாரமாகத்தான் இருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிட்டது. ஒலி விதி ஒன்றைத் தலைகீழாகப் பாவித்திருக்கிறார்கள், அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

ரத்மலான இரத்மலானை ஆனதும் லங்கா இலங்கை ஆனதும் இன்னொரு விதி. ரகரமும் லகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்பது பழைய ஒழுங்கு, அதனால் ஓர் இகரம் முன்னே வந்து தாங்குகிறது. இன்று பேச்சில் 'ரத்மலானை', 'லங்கா' என்றே தாராளமாகச் சொல்கிறோம். எழுத்து பழைய விதியை வைத்திருக்கிறது, வாய் புதிய விதிக்குப் போய்விட்டது. தெஹிவளையில் இன்னொன்று. சிங்களத்தில் அது லகரம், தமிழில் ளகரம். சிங்கள எழுத்தில் ல, ள இரண்டும் இருந்தாலும் பேச்சில் அவை ஒன்றாகிவிட்டன. நம்மிடம் இரண்டும் இருப்பதால், கேட்ட காது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருந்தது.

இனி ஆங்கிலச் சொற்கள். இலங்கைப் பத்திரிகைகளில் ரீச்சர், ரிக்கெற், இன்ரநெற், ரொறன்ரோ என்று எழுதுவதைப் பார்த்துத் தமிழகத்து நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள், அவர்கள் டீச்சர், டிக்கெட் என்று எழுதுகிறவர்கள். இது எழுத்துப்பிழையில்லை. 'ரீச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியில் நாக்கு ஈற்று மேட்டில் படுகிறது. 'பற்று'வில் எங்களுக்கு அதே மேட்டில் ஓர் அடைப்பொலி உயிரோடு இருப்பதால், யாழ்ப்பாணக் காது ஆங்கில ஒலியை நேரே அந்தப் பெட்டிக்குள் போட்டு ற, ர எழுத்தைக் கொடுத்தது. மேட்டு அடைப்பொலி இல்லாத பேச்சில் மிகக் கிட்டிய ஒலி டகரம். ஹற்றன் என்றும் ஹட்டன் என்றும் ஒரே ஊரை இரண்டு விதமாக எழுதுகிறோமே, அதன் வேர் என் கண்ணாடியில் தெரிந்த கொக்கோப் பிறையில் இருக்கிறது.

காது கேளாத இடம்

சிங்களம் படித்த காலத்தில் எனக்கு நடந்தது இது. 'மலை ஏறினேன்' என்று சொல்ல நினைத்து நான் சொன்ன சொல்லுக்கு மரத்தின் அடி, தண்டு என்று பொருள். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் திரும்பத் திரும்ப இரண்டு சொல்லையும் சொன்னார். எனக்கு இரண்டும் ஒரே 'கந்த'. கவனமில்லை என்று ஏசி, வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தார். கவனம் இருந்தது. வேறுபாட்டைக் கேட்கும் காதுதான் இல்லை.

மலையில் மூக்கொலி நீளமாக நின்று முதல் அசையை அடைக்கிறது. தண்டில் அது மின்னி மறைந்து, அடுத்த மெய்யோடு ஒட்டிக்கொள்கிறது. சிங்களத்துக்கு அவை வேறு வேறு, அவற்றுக்கு எழுத்தும் வேறு. தமிழில் அந்தக் குறுகிய மூக்கொலிக்குத் தனியிடம் இல்லை. சிங்களத்தில் கொழும்பின் பெயரிலும் அந்தக் குறுகிய வகைதான் இருக்கிறது. தமிழ் அதை முழு மகரமாக விரித்துக் 'கொழும்பு' ஆக்கிக்கொண்டது. பிறந்த குழந்தைக்கு இந்தத் தடை இல்லை. வேர்க்கரும் டீஸும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் ஹிந்தியின் பல்லொலியையும் நாக்கு மடியும் நாவளை ஒலியையும் பிரித்தறிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. வீட்டு மொழிக்குத் தேவையானதைக் காது கூர்மையாக்கி மற்றதைக் கைவிடுகிறது. சிங்கள நண்பருக்கு 'பல்லி'யும் 'பள்ளி'யும் ஒன்றாகக் கேட்பதற்கும் காரணம் இதுவே. ஏசுவதால் மாறாது. பல பேர் குரலில் நூறு தடவை இணையாகக் கேட்டால் மெல்ல மாறும், எனக்கு மாறியது.

விதி எழுதி, அதை உடைக்கப் பாருங்கள்

மலையக வீடுகளிலும் வேறு பல இடங்களிலும் கேட்கும் சொற்கள்: பொட்டி, பொண்ணு, புள்ள, புடி, வூடு. யாழ்ப்பாணத்தில் பெட்டி, பெண், பிள்ளை, பிடி, வீடு. எங்கே மாறுகிறது? எல்லாவற்றிலும் முதல் மெய் உதட்டொலி: ப, வ. அடுத்து வரும் மெய் நாக்கை மடிக்கும் ஒலி: ட, ண, ள. நடுவில் மாட்டிய இகரமும் எகரமும் உதடு குவிந்து உகரமும் ஒகரமும் ஆகின்றன. உதடு ஒரு பக்கமும் மடிந்த நாக்கு மறுபக்கமும் இழுக்க, உயிர் இணங்கிப் போகிறது.

விதி எழுதியாயிற்று, இனி உடையுங்கள். ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 'பித்தளை' புத்தளை ஆவதில்லை, 'பெரிய' பொரிய ஆவதில்லை. மடி நாக்கு இல்லை, மாற்றமும் இல்லை. நல்லது. 'கெட்ட' கொட்ட ஆவதில்லை, உதடு இல்லை. அதுவும் நல்லது. ஆனால் 'வெட்டு'? 'வெண்டிக்காய்'? இரண்டு நிபந்தனையும் இருந்தும் பெரும்பாலோர் வாயில் அவை அப்படியே நிற்கின்றன. விதிக்கு எல்லை இருக்கிறது. இந்த இடத்தில் விதியைக் காப்பாற்றுவதற்காகச் சொற்களை ஒளிக்காதீர்கள். ஒட்டாத சொற்களுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி எழுதுங்கள். விதி சொல்லுக்குச் சொல் பரவுகிறதா, பழைய சொற்களில் மட்டும் உறைந்துவிட்டதா என்று அந்தப் பக்கம்தான் காட்டும்.

உறைந்ததா உயிரோடிருக்கிறதா என்று அறிய இல்லாத சொல்லைக் கொடுங்கள். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ 1958 இல் பிள்ளைகளுக்குப் பொய்ச்சொற்களைக் கொடுத்து அவர்களின் மனத்திலிருந்த விதிகளை வெளியே கொண்டுவந்தார். ஒரு பொம்மையைக் காட்டி, அதன் பெயர் 'பெட்டான்' என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் விளையாடவிட்டு, அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். 'பொட்டான்' என்று வந்தால் விதி உயிரோடு இருக்கிறது.

திரையில் பார்ப்பது

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வெய்னிங்கும் உருவாக்கிய பிராட் என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். பதிவைத் திறந்தால் மேலே அலை, கீழே ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது ஒலியின் அதிர்வெண்கள் நேரத்தோடு எப்படி மாறுகின்றன என்று காட்டும் படம். முதல் வாரம் மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள்.

ஒன்று, அடைப்பு திறந்த கணத்துக்கும் குரல் தொடங்கும் கணத்துக்கும் இடையிலான நேரம். 'காசு'வில் குரல் சற்றுப் பிந்தி வரும். 'காஸ்' இல் திறக்கும் முன்பே அடியில் கறுப்புப் பட்டை ஓடும். லிஸ்கரும் ஏப்ரம்சனும் 1964 இல் இந்த அளவை வைத்து 11 மொழிகளை ஒப்பிட்டார்கள், அவற்றில் தமிழும் ஒன்று. இரண்டு, இரட்டித்த மெய்யில் வெறுமையாகத் தெரியும் இடைவெளியின் நீளம். மூன்று, ழகரத்துக்கு முன்னும் பின்னும் மூன்றாவது ஒத்ததிர்வுக் கோடு, அதாவது உயிரொலியில் கீழிருந்து மூன்றாவதாகத் தெரியும் கறுத்த பட்டை, கீழே சரிகிறதா என்பது. எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே சொல்லின் ஐந்து தடவையையும் அளந்து சராசரி எடுத்தால்தான் அது பேசும்.

கையில் இருக்கும் ஒலியனியல்

ஒலி இல்லாமல் ஒலியனியலா என்று கேட்பார்கள். 1960 இல் வில்லியம் ஸ்டோக்கி இந்தக் கேள்வியின் அடித்தளத்தையே மாற்றினார். கேளாதோருக்கான கலோடெற் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். சைகை என்பது காற்றில் வரையும் படம் என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நினைத்தார்கள். அமெரிக்க சைகை மொழியின் ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், வைக்கும் இடம், அசைவு என்ற பொருளற்ற சிறு கூறுகளால் ஆனது என்று அவர் காட்டினார். பிறகு வந்தவர்கள் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சேர்த்தார்கள். முகமும் தலையும் கூட இலக்கணத்தில் பங்கெடுக்கின்றன.

விரிந்த கையின் பெருவிரலை நாடியில் வைத்தால் அந்த மொழியில் அம்மா, அதையே நெற்றியில் வைத்தால் அப்பா. இடம் மட்டும் மாறுகிறது. சுட்டுவிரலை மடக்கி கன்னத்தில் திருகினால் அப்பிள், கண்ணோரம் திருகினால் வெங்காயம். நம் பல்லி, பள்ளி போல அதே தருக்கம். எந்தக் கூறு எதோடு சேரலாம் என்பதற்கும் விதி உண்டு. இரண்டு கையும் அசைந்தால் இரண்டும் ஒரே வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று பாட்டிசன் 1978 இல் எழுதினார். ரகரம் சொல்முதலில் வராது என்பதற்கு ஒப்பான கட்டுப்பாடு இது, கையில்.

இலங்கையின் சைகையைப் படிக்க விரும்பினால் அமெரிக்கச் சைகைகளை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். சைகை மொழிகள் நாட்டுக்கு நாடு வேறு. பேச்சுமொழியைக் கையால் எழுதுவதும் அல்ல அவை. 1912 இல் தொடங்கி இன்று இரத்மலானையில் இயங்கும் கேளாதோர், பார்வையற்றோர் பாடசாலை போன்ற இடங்களைச் சுற்றித் தலைமுறைகளாகக் கேளாதோர் கூடி வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் மாணவராகப் போங்கள். சிறுவயதிலிருந்தே சைகையில் வளர்ந்த பெரியவர் ஒருவரிடம், அவர் நேரத்துக்குப் பணம் கொடுத்து, ஆறு மாதம் பேசக் கற்ற பிறகே கொப்பியைத் திறவுங்கள். வீடியோவில் முகத்தை மறைக்க முடியாது, மறைத்தால் மொழியின் ஒரு பங்கு போய்விடும். ஆகவே ஒப்புதல் பேச்சுப் பதிவை விட மிகவும் கவனமாகப் பெறப்பட வேண்டும், அதுவும் அவரது மொழியில் விளக்கிய பிறகு. பின்னணி வெறுஞ்சுவர், கோடில்லாத கறுத்த உடுப்பு, நொடிக்கு 60 சட்டகம், முன்னாலிருந்து ஒரு கமரா, பக்கத்திலிருந்து ஒன்று. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங் உளமொழியியல் நிறுவனம் தரும் ஈலான் என்ற இலவச மென்பொருளில் வடிவம், இடம், அசைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டுக் குறிக்கலாம். ஒரு கூறை மாற்றிக் காட்டி "இப்படிச் செய்தால் பொருள் உண்டா?" என்று கேளுங்கள். அவர் சிரித்துத் தலையாட்டும் இடங்கள்தான் உங்கள் தரவு.

எங்கே போய்ப் படிப்பது

வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில், 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பைப் பற்றிப் பேராசிரியர் சு. சுசீந்திரராஜா எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள், நம் பேச்சை முறையாக விவரித்தவர்களில் முன்னோடி அவர். அனைத்துலக ஒலிப்பெழுத்தை மெல்ல மெல்லப் பழகுங்கள். முதலில் உங்கள் வாயில் இருக்கும் ஒலிகளுக்கு மட்டும், கொப்பியில் ஒரு பக்கம்.

எங்கள் மாடியில் ஒரு பிள்ளை இருக்கிறாள், ஐந்து வயது. அப்பா பருத்தித்துறை, அம்மா ஹற்றன், பார்த்துக்கொள்ளும் அம்மம்மா சிங்களத்திலும் கதைப்பார். போன மாதம் யன்னலோரம் நின்று "அம்மா, காற்று" என்றாள், மேட்டில் அழுத்தி. அடுத்த நிமிடம் அம்மம்மாவிடம் திரும்பி "காத்து வருது" என்றாள். யாருக்கு எதைச் சொல்கிறாள், 'பற்று'க்கும் 'பத்து'க்கும் அவளிடம் பெட்டி ஒன்றா இரண்டா, அந்த இரண்டு 'கந்த'வும் அவளுக்கு வேறாகக் கேட்கின்றனவா என்று பார்க்க, பெற்றோரிடம் கேட்டு, வாரம் பத்து நிமிடம் பதியத் தொடங்கியிருக்கிறேன். உடுப்பு அலுமாரிக்கு முன்னால், கிளிப் படத்தோடு.